வாங்கின பழைய கார் மக்கர் பண்ணினால்: முதலில் தடயம், அப்புறம் ஸ்பேனர்

பழைய கார் வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. செக் என்ஜின் லைட் எரியும், அல்லது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி மேலே ஏறும். உடனே பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கிடம் விட்டு, "என்னன்னு பாத்துச் சரி பண்ணிடுங்க" என்று சொல்வதுதான் வழக்கம். அவர் ஸ்கேனரை மாட்டி முதல் வேலையாக, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), அழிப்பார். சந்தேகப்பட்ட பாகத்தைக் கழற்றிக் கடாசுவார். அந்தக் கோளாறு வண்டி கை மாறுவதற்கு முன்பே இருந்ததா என்பதற்கான சாட்சியும் அதோடு குப்பைக்குப் போய்விடும். பிறகு விற்றவர் "நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றால், திருப்பிக் காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது.

வருஷக்கணக்காக நாமே ஓட்டிவரும் வண்டியில் என்ன கோளாறு என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும். இப்போதுதான் வாங்கிய வண்டியில் எப்போதிலிருந்து கோளாறு என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்துக்கான தடயங்கள் சீக்கிரம் அழிந்துவிடும். அதனால் அவற்றை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

ஓட்டலாமா, ஓரங்கட்டணுமா

ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், அடுத்த சிக்னல் வரை என்றுகூடப் பேச்சு இல்லை. ஓரங்கட்டி அணைக்க வேண்டும். அந்த விளக்கு ஆயில் பிரஷருக்கானது. பிரஷர் போனால் கிராங்க் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலம் போய்விடும், உலோகத்தோடு உலோகம் உரசும். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடப்போகிறதென்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஊதும் ஃபேனை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், ஓரங்கட்டும் வரை கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். நின்றதும் என்ஜினை அணைத்து, மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடி அழுத்தம் இறங்கும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, சிலிண்டர்களின் மேல்மூடியான அலுமினிய ஹெட் விரிசல் விடும்.

செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னாமல் எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மின்னினால் அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் பீங்கான் கூட்டையே உருக்கிவிடும். ப்ளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் (coil) ஒன்றின் செலவோடு முடிய வேண்டிய வேலை கன்வெர்ட்டர் செலவாகிவிடும்.

பேட்டரி விளக்கு எரிந்தால் பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டே பல வண்டிகளில் வாட்டர் பம்பையும் சுற்றும். பெல்ட் அறுந்த வண்டியை "பேட்டரிதானே" என்று ஓட்டினால் சில கிலோமீட்டரில் ஓவர்ஹீட் ஆகும்.

கோடை அழிக்காமல் படிப்பது

டேஷ்போர்டுக்கு அடியில், பெரும்பாலும் டிரைவர் முழங்காலுக்கு மேலே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். வொர்க்‌ஷாப் ஸ்கேனர் என்றால், "அழிக்காதீங்க, ஸ்க்ரீனை போட்டோ எடுத்துக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோடு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலைதான். கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்றும் பதிவாகியிருக்கும்: கோடு விழுந்த நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, என்ஜின் மேல் சுமை எவ்வளவு. கோடை அழித்தால் இதுவும் அழியும். இன்னும் லைட்டை எரிய வைக்காத பென்டிங் கோடுகள் தனிப் பக்கத்தில் இருக்கும், அதையும் படம் எடுங்கள். கொஞ்சம் புதிய வண்டிகளில் பெர்மனென்ட் கோடு என்ற பகுதியும் உண்டு. ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. கோளாறு சரியாகி, வண்டியே தன்னைச் சோதித்துத் தேறினால்தான் போகும். விற்பதற்கு முன் லைட்டை அணைத்தவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

பல வண்டிகளில் இன்னும் நேரடியான சாட்சி ஒன்று இருக்கிறது: கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம். ஆப்பின் லைவ் டேட்டா பட்டியலில் தேடினால் கிடைக்கும். வண்டியைக் கையில் வாங்கியபோது ஓடோமீட்டர் 84,310 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 84,470. நீங்கள் ஓட்டியது 160 கிலோமீட்டர். ஆப் காட்டும் தூரம் 172 என்றால், உங்களிடம் வருவதற்கு 12 கிலோமீட்டருக்கு முன்னால் யாரோ மெமரியைத் துடைத்திருக்கிறார்கள். இதை வைத்தே மோசடி என்று கத்திவிட வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இந்த எண் பூஜ்யத்துக்குப் போகும், விற்பதற்கு முன் புது பேட்டரி போடுவது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் பேட்டரி நாலு வருஷப் பழசு, துடைத்து 172 கிலோமீட்டர்தான், அழித்த அதே கோடு திரும்ப வந்திருக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால் விற்றவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரெடினஸ் மானிட்டர்களையும் பாருங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சர், பெட்ரோல் ஆவி கசிவு போன்றவற்றை வண்டி தானாகச் சோதித்துக்கொள்ளும், கோடை அழித்தால் எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும். சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் வாங்கிய அன்றே பல மானிட்டர் முடியாமல் இருந்தால் சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்தான். பார்க்கவில்லை என்றால் இன்றைக்காவது.

ஸ்கேனரே வேண்டாத ஒரு சோதனையும் இருக்கிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். செக் என்ஜின், ஆயில், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லா விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும். ஒன்று மட்டும் எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது பின்னால் டேப் ஒட்டியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு தனியாக எரியாமல், ஆயில் விளக்கு அணையும்போது அதோடு சேர்ந்து அணைந்தால், ஒயரை ஆயில் விளக்கோடு ஜாயின்ட் அடித்திருக்கிறார்கள். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு பாகத்தின் பெயரல்ல

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆக்சிஜன் சென்சரை மாற்று என்று அது எங்கேயும் சொல்லவில்லை. லைவ் டேட்டாவில் ஃப்யூவல் டிரிம் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது. ஷார்ட் (உடனடி), லாங் (நீண்ட கால) இரண்டையும் கூட்டி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) 20க்கு மேல் போய், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்கு இறங்குகிறதா? வேக்கம் லீக், அதாவது அளவுக்கு வராத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது. விரிசல் விட்ட ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் பக்கம் தேடுங்கள். ஐடிலில் சரியாக இருந்து, மேட்டில் ஏற ஏற டிரிம் கூடினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான காற்று அளவு சென்சர்.

பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியாக இருந்தால், படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு, ஒன்றாவது காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0301 ஆகவே நின்றால் அடுத்து ப்ளக்கை இதே மாதிரி இடம் மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டர். எதுவும் நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா ப்ளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, காயில் இணைப்புகளை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். பெட்ரோல் என்ஜினில் 10 முதல் 14 பார் வரை வருவது வழக்கம், ஆனால் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். அதிகபட்சத்தில் முக்கால் பங்குக்குக் கீழே ஒன்று இருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைவாக இருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் பி0420 வந்ததும் புது கன்வெர்ட்டர் வாங்கப் போகாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடாகி 2,500 ஆர்பிஎம்மில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சரின் வோல்டேஜைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட்டில் ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, எக்ஸாஸ்ட் லீக் இருக்கிறதா என்று பாருங்கள். 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஊஞ்சலாடினால் கன்வெர்ட்டர் போய்விட்டது. அதைக் கொன்றது எது என்று பார்க்காமல் புதிதாகப் போட்டால் புதியதும் போகும். மிஸ்ஃபயரோ ஆயில் குடிக்கும் என்ஜினோதான் பெரும்பாலும் காரணம்.

கூலன்ட்: மறைப்பதற்கு வசதியான கோளாறு

ஓவர்ஹீட் ஆகும் வண்டியை அரை மணி நேர டெஸ்ட் டிரைவில் மறைத்துவிடலாம். எப்படி மறைப்பார்கள் என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரியும்.

என்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிவது பழைய வித்தை. கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றுவதால் முள் ஏற நேரமாகும். ஹைவேயில் முள் நடுவுக்கே வராமல் கீழேயே கிடந்தாலோ, கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்கிற பி0128 கோடு இருந்தாலோ சந்தேகப்படுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள், விரல் ஃபேனுக்குத் தள்ளியே இருக்கட்டும். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஹோஸ் பல நிமிஷம் சில்லென்றே இருந்து, 80, 90 டிகிரியில் சட்டென்று சூடாகும். முதல் நிமிஷத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே கையை நம்பாமல் ஸ்கேனர் காட்டும் சூட்டைப் பாருங்கள்.

கழற்றிப் பார்க்கிறீர்கள் என்றால், அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் வாய் திறக்கத் தொடங்கி, இன்னும் 10, 15 டிகிரியில் முழுக்கத் திறக்க வேண்டும். இல்லாத தெர்மோஸ்டாட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், என்ஜின் சீக்கிரம் தேயும். "வெயில் ஊருக்கு அது வேண்டாம்" என்கிற பேச்சை நம்பாதீர்கள்.

இன்னொரு வித்தை ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கும் ஸ்டாப் லீக். குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தை விரலால் வழியுங்கள். பழுப்புச் சேறு, செம்புத் துகள் மாதிரிப் பொடி ஒட்டியிருந்தால் போட்டோ எடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் துருக் கலர் தண்ணீர் இருக்கும். இரண்டுமே ஒரு வாரத்தில் உண்டாகிற விஷயமில்லை, அதனால்தான் இவை நல்ல சாட்சி.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை சொல்லும். டிராஃபிக்கில் ஏறி, வண்டி ஓட ஓட இறங்கினால் ஃபேன். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், அப்புறம் அதே மாதிரி இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். ஹைவேயிலும் மேட்டிலும் ஏறினால் அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது ஹெட் கேஸ்கெட்.

கூலன்ட் குறைகிறது, கீழே சொட்டு இல்லை என்றால் பிரஷர் டெஸ்ட். குளிர்ந்த என்ஜினில், மூடியின் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி (0.9, 1.1 என்று பாரில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது), 15 நிமிஷம் விடுங்கள். முள் இறங்கினால் தேட வேண்டிய இடங்கள்: வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளை, அங்கே காய்ந்த கலர்த் தடம் இருக்கும். ஹோஸ் கிளாம்புகள். முன் சீட் கால்மிதிக்கு அடியில் ஈரம், கண்ணாடியில் இனிப்பு வாடையோடு பிசுக்குப் புகை என்றால் ஹீட்டர் கோர். வெளியே எங்கேயும் இல்லை என்றால் சிலிண்டருக்குள் போகிறது. ப்ளக்குகளைக் கழற்றுங்கள், மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டர்தான்.

ஹெட் கேஸ்கெட்டுக்குச் செலவில்லாத முதல் சோதனை: இரவு முழுக்க நின்ற வண்டியின் மூடியைத் திறந்து மூடி, ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். என்ஜின் இன்னும் குளிராக இருக்கும்போதே ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறது. உறுதிப்படுத்த பிளாக் டெஸ்டர் இருக்கிறது. நீல நிறத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, ஓடும் என்ஜினிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளானால் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. கூலன்ட் உள்ளே ஏறிவிடாமல் அதன் மட்டத்தைச் சில விரற்கடை குறைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறுவதை வீடியோ எடுங்கள், இதைவிடத் தெளிவான சாட்சி இந்த வேலையில் கிடைக்காது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், கிட்டத்திலேயே ஓடும் வண்டிகளில் ஈரத்தால் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் வந்தால்தான் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது.

ஹெட்டை இறக்க வேண்டி வந்தால், வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஹெட்டின் மேல் நேர் அளவுகோல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு வளைவைப் பார்க்க வேண்டும். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உங்கள் என்ஜினின் மேனுவல் சொல்வதே முடிவு. கூடினால் லேத்தில் ஃபேசிங். இறுக்கும்போது நீண்டுவிடும் இழுவை வகை (ஸ்ட்ரெட்ச்) போல்ட் என்றால் பழையதை மறுபடி போடக் கூடாது, டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் சொல்லும் வரிசையில்தான் இறுக்க வேண்டும்.

கூலன்டை நிரப்பும்போது கான்சென்ட்ரேட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. முழுக் கான்சென்ட்ரேட் ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தப்பு, அது தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினது என்று தெரியாத வண்டியில் பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அது வாட்டர் பம்பையும் சுற்றும் என்ஜின் என்றால் பம்பும் அதோடு.

விற்றவரிடம் போவது

பிரேக் பேட், வைப்பர், டயர், பேட்டரி, கிளட்ச் மாதிரித் தேயும் சாமான்களுக்குச் சண்டை போடுவது பெரும்பாலும் வீண், பழைய வண்டியில் அவை பழையதாகத்தான் இருக்கும். மறைத்த கோளாறு வேறு விஷயம். கடை வைத்து விற்பவருக்குச் சட்டப் பொறுப்பு பெரும்பாலான நாடுகளில் தனிநபரைவிட அதிகம். தனிநபரிடம் வாங்கியிருந்தால், தெரிந்தே மறைத்தார் அல்லது பொய் சொன்னார் என்று காட்ட வேண்டியிருக்கும். அதனால் விளம்பரத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், விற்றவுடன் நீக்கிவிடுவார்கள். "என்ஜின் வேலை எதுவும் இல்லை" என்று மெசேஜில் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி ரொம்பப் பெறும்.

போனில் பேசினாலும் அதை எழுத்திலும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், எண்கள் போதும்:

"மே 3 அன்று உங்களிடம் வாங்கிய காரில், வாங்கி 160 கிலோமீட்டரில் (ஓடோமீட்டர் 84,470) என்ஜின் ஓவர்ஹீட் ஆனது. அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். மே 9 அன்று செய்த பிளாக் டெஸ்டில் ஹெட் கேஸ்கெட் கோளாறு உறுதியானது. ரேடியேட்டரில் ஸ்டாப் லீக் படிவு இருக்கிறது. வீடியோவும் வொர்க்‌ஷாப் அறிக்கையும் இணைத்திருக்கிறேன். ஹெட்டை இன்னும் இறக்கவில்லை. மே 24க்குள் நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ வந்து பார்க்கலாம். ரிப்பேர் செலவை ஏற்பதா, வண்டியைத் திருப்பி எடுப்பதா என்று அந்தத் தேதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்."

'இன்னும் இறக்கவில்லை, வந்து பார்க்கலாம்' என்ற வரிகள் இல்லாமல் அனுப்பாதீர்கள். பார்க்க வாய்ப்பே கொடுக்காமல் பிரித்துவிட்டால், "உங்க மெக்கானிக்தான் கெடுத்தார்" என்று சொல்ல இடம் கொடுத்த மாதிரி ஆகும். அறிக்கையை, ரிப்பேர் செய்யப்போகிற வொர்க்‌ஷாப்பிடம் வாங்காமல் வேறு ஒருவரிடம் வாங்குவது நல்லது. ஓடோமீட்டர், கோடுகள், அளந்த எண்கள், கோளாறு பழையது என்று சொல்ல என்ன காரணம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கோளாறு தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் கூடுதல் சேதம் உங்கள் தலையில்தான் விழும்.

தேதி தாண்டியும் பதில் இல்லாமல் நீங்களே சரிசெய்தால், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி, தேதியும் ஓடோமீட்டரும் எழுதிய பையில் போட்டு வையுங்கள். பழைய கேஸ்கெட்டில் எரிந்து கறுத்த இடம் எது என்று தெரிய வேண்டும், அதைத் துடைக்க விடாதீர்கள். கோடை இப்போது அழிக்கலாம். அழித்த பிறகு குளிர் ஸ்டார்ட்டிலிருந்து டவுனுக்குள்ளும் ஹைவேயிலுமாகச் சில நாள் ஓட்டுங்கள். பெட்ரோல் டேங்க் பாதியளவில் இருக்கட்டும், நிரம்பி வழிந்தாலும் காலியானாலும் ஆவிக் கசிவு மானிட்டர் ஓடாது. எல்லா மானிட்டரும் முடிந்து, பென்டிங்கில் எதுவும் இல்லை என்று ஸ்கேனர் காட்டிய பிறகு வொர்க்‌ஷாப்பில் மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.